மூடியே இருக்க வேண்டிய ஜன்னல்

பிப்ரவரி 6

காலையிலிருந்து பிளாஸ்டர் தூசிக்குள்தான் குடியிருப்பு. பல் டாக்டர் அனுப்பிய அச்சுகளில் ஒன்று கோணல், இன்னொன்றில் குமிழி. திருப்பி அனுப்பினால், "உங்களுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான்" என்பார். பொய்ப்பல் செய்கிறவள் குறை பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

மதியம் இவர் ஆபீஸிலிருந்து போன் செய்தார். கல்யாணத்தன்றுகூட அந்தக் குரலில் அவ்வளவு குஷி இல்லை. நம் வீட்டைப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாக அறிவிக்கச் சொல்லி இவர் எழுதிப்போட்ட மனுவை எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த வாரம் அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம்.

யாரோ ஒரு பிரெஞ்சு வியாபாரி குதிரை வண்டிக் காலத்தில் கட்டிய வீடு இது. வாசலுக்கு மேலே மூக்கு உடைந்த ஒரு கல்முகம். மாடியில் இரும்பில் பூவும் கொடியுமாகப் பால்கனி. நடுவே முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி ஒரு மரப் படிக்கட்டு. இத்தனை வருஷம் இதையெல்லாம் திரும்பிப் பார்க்காதவருக்கு இப்போது திடீர்க் காதல் வந்ததற்குக் காரணம் வேறு. பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நம் சுவரை ஒட்டி ராட்சத மூக்குக்கண்ணாடி வடிவில் ஒரு விளக்குப் பலகை மாட்டியிருக்கிறார். அது பச்சையும் நீலமுமாக எங்கள் படுக்கையறைக்குள் கண் சிமிட்டுகிறது. இவர் கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார். பாதுகாக்கப்பட்ட கட்டிடத்தின் பக்கத்தில் அந்த மாதிரிப் பலகை கூடாது என்று எங்கேயோ படித்தார். ஒரு பலகையை இறக்குவதற்கு மொத்த வரலாற்றையும் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

பிப்ரவரி 7

மாமாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மாமா என்றால் இவருடைய அப்பா. போக்குவரத்துப் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று பேர், ஓய்வெல்லாம் எடுக்கவில்லை. கால் இரண்டும் விழுந்துபோனதிலிருந்து அந்தப் படிக்கட்டில் அவரால் இறங்க முடியாது. மாடி மூலை அறையில் சின்ன ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டிருக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் முச்சந்தி முழுக்கத் தெரியும். விடிந்ததும் டியூட்டிக்கு உட்கார்ந்துவிடுவார். திருப்பத்தில் வண்டியை நிறுத்துகிறவன், தப்பான பக்கம் வருகிறவன், போனைப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடக்கிறவள், யாரையும் அதட்டாமல் விட மாட்டார். சிலர் முறைப்பார்கள், சிலர் சல்யூட் அடிப்பார்கள். ஆனால் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

நான் செய்துகொடுத்த பல் செட்டை ஜன்னலில் உட்காரும்போது மட்டும்தான் போட்டுக்கொள்வார். சாப்பிட அவருக்குப் பல் வேண்டாமாம், அதட்டத்தான் வேண்டுமாம்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அவன் போர்டு போச்சுன்னா திருப்பம் இன்னும் நல்லாத் தெரியும்" என்றார். அப்பாவும் பிள்ளையும் ஒரே கட்சி. இந்த வீட்டில் இது அபூர்வம்.

பிப்ரவரி 13

அதிகாரி அம்மா வந்தார். நரைத்த குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, நிதானமான குரல். வாசலிலேயே முக்கால் மணி நேரம். கல்முகத்தைப் பார்த்து, "மூக்கு இல்லைன்னாலும் என்ன ஒரு சிரிப்பு" என்றார். நான் ஒரு மூக்கு செய்து ஒட்டித் தரட்டுமா என்று கேட்டேன். பதறிவிட்டார். உடைந்த மூக்கும் வரலாறாம்.

வாசல் ஓரத்தில் செருப்புச் சேற்றை வழிக்க ஒரு இரும்புப் பட்டை உண்டு. நாங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அதில் கால் இடறி விழுந்திருக்கிறோம். அதுவும் பாதுகாப்பில் சேர்ந்துவிட்டது. இனிமேல் விழுந்தால் மரியாதையாக விழ வேண்டும்.

அவர் மனதைப் பறிகொடுத்தது பொய் ஜன்னலிடம். மாடியில் தெருப்பக்கம் மூன்று பெரிய ஜன்னல்கள். மூன்றுக்கும் சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த ஒரே மாதிரிக் கதவுகள். அதில் மூன்றாவது பொய். அந்தக் காலத்தில் மூலை அறை சரக்கு வைக்கிற அறை, வெளிச்சம் தேவையில்லை. ஆனால் வெளியே இரண்டு மட்டும் இருந்தால் முகம் கோணலாகிவிடுமே. அதனால் ஜன்னலுக்கு இடம் விட்டு, உள்பக்கம் செங்கல்லால் அடைத்து, வெளியே கதவை மட்டும் மாட்டி நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அதிகாரி அம்மா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, இந்த ஊரிலேயே மிச்சம் இருப்பது இது ஒன்றுதான் என்றார். சொல்லும்போது கண் பளபளத்தது. அழகுக்காகப் பொய் வைக்கிறவர்களிடம் எனக்கும் ஒரு மரியாதை உண்டு. என் சாப்பாடே அதில்தானே.

மார்ச் 3

பாதுகாப்பு அறிவிப்பு வந்துவிட்டது, பலகையை இறக்கிவிட்டார்கள். இவர் பால்கனியில் நின்று, டீ குடித்துக்கொண்டே, ஒவ்வொரு ஆணியும் கழன்று விழுவதைப் பார்த்தார். சாயங்காலம் எனக்குப் புடவை வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தப் பேச்சை நான் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் ரொம்ப நேரம் எதிர்ப்புறம் நின்று நம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

மார்ச் 10

கடிதம். நம் வீட்டு முகப்பில், இரண்டாவது மூன்றாவது ஜன்னல்களுக்கு நடுவே, "பிற்காலத்தில் உண்டாக்கப்பட்ட பொருந்தாத் திறப்பு" ஒன்று இருப்பதாக அக்கம்பக்கத்தார் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறாராம். அதை அடைத்து முகப்பைப் பழையபடி ஆக்க வேண்டுமாம்.

பொருந்தாத் திறப்பு என்பது மாமாவின் ஜன்னல்.

அழகு என்று யாரும் சொல்ல முடியாது, ஒத்துக்கொள்கிறேன். சரக்கு அறை இருட்டாக இருக்கிறதென்று முப்பது வருஷத்துக்கு முன்னால் மாமாவே சுவரைக் குடைந்து அலுமினியச் சட்டம் வைத்தது. முன்வரிசையில் ஒற்றை வெள்ளிப்பல் மாதிரிதான் தெரியும். முதல் நாள் வந்த அதிகாரி அம்மா பொய் ஜன்னலிலேயே மயங்கி நின்றதால் அது அவர் கண்ணில் சரியாகப் படவில்லை போல. அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டுவிட்டது. கண் பரிசோதிக்கிறவர் ஆயிற்றே, படாமல் போகுமா?

இவர் முகத்தில் ஈயாடவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார். எத்தனை தடவை படிச்சா என்ன, அதுல வேறயா எழுதியிருக்கப் போகுது? யார் கேட்டா இந்தப் பாதுகாப்ப? பச்சை லைட்டு அடிச்சா ஒரு திரையைப் போட்டுட்டுத் தூங்கியிருக்கலாமே! எழுத எழுத ஆத்திரம் வருது. போதும்.

மார்ச் 11

மாமாவிடம் நானே சொல்கிறேன் என்றேன். இவர் கேட்கவில்லை, தானே போய்ச் சொன்னார். நான் கதவருகே நின்றேன். மாமா குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி:

"இதுக்கெல்லாம் முதல்ல எழுதிப் போட்டது யாரு, அவனா, நீயா?"

"நான் போர்டுக்காகத்தான்ப்பா..."

மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான்.

மார்ச் 14

அதிகாரி அம்மாவின் அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். இவரைக் கூட்டிப் போனால் இன்னும் எதையாவது பாதுகாத்துவிட்டு வருவார். அந்த அம்மா உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவர் நல்லவராக இருந்ததுதான் எரிச்சல். திட்டக்கூட வழியில்லை.

"எனக்குப் புரியுதும்மா. ஆனா அந்த ஜன்னலுக்கு வயசு பத்தலை."

"எவ்வளவு வயசு ஆகணும்?"

"இவ்வளவுன்னு சொல்ல முடியாது. முகப்போட சேர்ந்து பிறந்திருக்கணும்."

என் மாமனாருக்கு வயது ஏராளமாக இருக்கிறது, அவரைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டார், உடனே சிரித்ததற்கு வருத்தப்பட்டார். லிஃப்ட் வைக்கலாமா? படிக்கட்டு கெட்டுவிடும், கூடாது. பொய் ஜன்னலின் கதவையாவது திறந்துகொள்ளலாமா? அது மூடிய நிலையில்தான் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதாவது நிஜ ஜன்னலை அடைக்க வேண்டும், பொய் ஜன்னலுக்கு எண்ணெய் பூசிக் காக்க வேண்டும். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது முழுசாக உறைத்தது.

கடைசியாக ஒரு நிபந்தனையும் சொல்லி அனுப்பினார். அடைக்கிற செங்கல் வீட்டோடு ஒத்த பழைய செங்கலாக இருக்க வேண்டும். அளவும் நிறமும் மாறக் கூடாது. அடைத்த இடம் ஒட்டுப்போட்ட மாதிரித் தெரியக் கூடாதாம்.

மார்ச் 19

என் வேலை அறையை மாமாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முதல் ஜன்னல் அங்கேதான் இருக்கிறது, பெரியது. மேஜை, மோட்டார், அச்சுகள் எல்லாவற்றையும் கூடத்துக்கு நகர்த்தினோம். மாமாவை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தோம். உட்கார்ந்த உயரத்தில் அவர் கண்ணுக்கு நேரே பால்கனியின் இரும்புப் பூ. கொஞ்சம் சாய்ந்தால் இரும்புக் கொடி. இரண்டுக்கும் நடுவே எதிர்வீட்டுச் சுவர். முச்சந்தி மறுபக்கம் இருக்கிறது. நாற்காலிக்கு அடியில் பலகை வைத்து உயர்த்தினோம். எதிர்வீட்டுச் சுவர் இன்னும் நிறையத் தெரிந்தது.

மாமா என்னைப் பார்த்து, "என் ரூமுக்கே கொண்டு போயிரும்மா" என்றார். இவரைப் பார்க்கவில்லை. இவர்தான் நாற்காலியின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 22

மாமா பல் செட்டைத் தண்ணீரிலிருந்து எடுக்கவே இல்லை. ஜன்னல் இன்னும் அடைக்கப்படவில்லை. ஆனால் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொல்லிவிட்டார்.

மார்ச் 27

சரியாகச் சாப்பிடுவதில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. இவர் தினமும் ஆபீஸ் போகும்போதும் வரும்போதும் அந்த அறை வாசலில் நின்று, "அப்பா, போயிட்டு வரேன்", "அப்பா, வந்துட்டேன்" என்கிறார். உள்ளிருந்து பதில் இல்லை. ஐம்பது வயதில் இப்படி வாசலில் நிற்கிற ஆளை நான் எவ்வளவுதான் திட்டுவது?

தெருவில் திருப்பத்தில் வண்டிகள் தாறுமாறாக நிற்கின்றன. இன்று ஒரு சாமான் வண்டி அரை மணி நேரம் ஹாரன் அடித்துக்கொண்டே கிடந்தது. மாமாவுக்குக் கேட்டிருக்கும்.

ஏப்ரல் 2

இவர் செங்கல் தேடி அலைகிறார். பழைய வீடு இடிக்கிற இடம், பழைய சாமான் விற்கிற இடம், ஒன்று விடவில்லை. கிடைத்ததெல்லாம் தடிமனாக இருக்கிறது, இல்லாவிட்டால் நிறம் கறுப்பு. நம் வீட்டுச் செங்கல் மெல்லிசு, பிஸ்கட் நிறம். கொத்தனார் ஒருவரை ஏற்பாடு செய்தாயிற்று. கல் கிடைத்தால் சொல்லுங்கள் என்று அவர் போய்விட்டார். கடிதத்தில் கொடுத்த கெடு நெருங்குகிறது. மாதிரிக்கு வாங்கி வந்த ஒற்றைச் செங்கற்கள் படிக்கட்டுக்குக் கீழே கிடக்கின்றன. இப்போது சேறு வழிக்கிற இரும்பிலும் இடறலாம், செங்கல்லிலும் இடறலாம்.

ஏப்ரல் 5

இன்று ஒரு செட் முடிக்கும்போது முன்பல் ஒன்றுக்கு நிறம் ஒத்துவரவில்லை. அந்த நிறம் கையிருப்பில் தீர்ந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் நான் செய்வது ஒன்றுதான். வேண்டாமென்று திரும்பி வந்த வேறொரு செட்டின் உள்பக்கத்தில் அதே நிறத்தில் பல் இருக்கிறதா என்று பார்ப்பேன். யாரும் பார்க்காத இடத்திலிருந்து எடுத்து, தேய்த்து வடிவம் மாற்றி, எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைப்பேன். இத்தனை வருஷத்தில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

பல்லைக் கழற்றிக்கொண்டே இருந்தவள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு மாமா அறைக்குப் போனேன். மூலையில், பொய் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில், சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தேன். மெல்லிசு. பிஸ்கட் நிறம். வியாபாரி பொய்யை அடைக்க வாங்கிய செங்கல், வீட்டோடு பிறந்தது.

மாமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. நான் சுரண்டிய இடத்தையே பார்த்தார்.

ஏப்ரல் 6

இவருக்குப் புரியவைக்கப் பாதி ராத்திரி ஆயிற்று.

"அந்தக் கல்லை எடுத்தா பொய் ஜன்னலுக்குப் பின்னாடி ஓட்டையாயிடுமே."

"ஆகட்டும். கதவுதான் மூடியே இருக்குமே. மரப்பட்டைக்கு நடுவுல உள்ளேர்ந்து பார்த்தா முச்சந்தி தெரியும்."

"அப்ப அது பொய் ஜன்னலே இல்லையே?"

"வெளியே நிக்கிறவங்களுக்குப் பொய்தான்."

கடிதத்தை எடுத்து மறுபடி படித்தார். வெளித்தோற்றம், வெளித்தோற்றம் என்று வரிக்கு வரி இருக்கிறது. உள்ளே என்ன செய்யக் கூடாது என்று ஒரு வார்த்தை இல்லை. அப்புறமும் தயங்கினார். இவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவர், எதிலும் ஒரு ஆபத்து தெரியும். அவர்கள் தெரிந்துகொண்டால் மொத்தப் பாதுகாப்பும் போய்விடும், பலகை மறுபடி வந்துவிடும் என்றார். உனக்கு அப்பா வேணுமா போர்டு போகணுமான்னு கேட்டுட்டேன். 'உனக்கு'ன்னு வந்துடுச்சு வாயில. விடிந்ததும் கொத்தனாருக்குப் போன் செய்தார்.

ஏப்ரல் 11

மேலே கல் உத்திரம் இருக்கிறது, செங்கல்லை எடுத்தால் சுவர் அசையாது என்று கொத்தனார் முதலிலேயே தட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார். உள்பக்கமிருந்து ஒவ்வொரு கல்லாகக் கழற்றி, தட்டித் துடைத்து, அதையே தூக்கிக்கொண்டு போய்ச் சின்ன ஜன்னலில் வைத்தார். ஒன்று மூட மூட இன்னொன்று திறந்தது. அறை முழுக்கப் புழுதி. மாமாவைக் கூடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றால் அசையவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, கொத்தனார் கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அலுமினியச் சட்டத்தின் கடைசி மூலையும் மறைந்தது. மறுபக்கம் மூடிய மரப்பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் கோடுகோடாக உள்ளே வந்தது. இருநூறு வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் நின்றதில்லை. நான் போய் நின்றேன். முச்சந்தி, திருப்பம், கண்ணாடிக் கடை வாசல், எல்லாம் தெரிந்தது.

ஏப்ரல் 15

அதிகாரி அம்மா தெருவிலிருந்தே பார்த்தார். அடைத்த இடம் எதுவென்று கண்டுபிடிக்க அவருக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "எங்க கிடைச்சுது இந்தக் கல்லு?" என்று அதிசயப்பட்டார். வீட்டிலேயே கொஞ்சம் கிடந்தது என்றேன். இவர் அதற்குள் வேர்த்து நனைந்துவிட்டார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் உங்களை மாதிரி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அதிகாரி அம்மா இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்த மாதம் வாசலில் 'பாதுகாக்கப்பட்ட கட்டிடம்' என்று பெயர்ப்பலகை திறக்க வருவார்களாம்.

ஏப்ரல் 24

மாமா நாற்காலியை மரப்பட்டைக் கதவுப்பக்கம் திருப்பச் சொன்னார். பார்க்கிறார். காலையிலிருந்து இருட்டும் வரை பார்க்கிறார். சாப்பிடவும் செய்கிறார். ஆனால் ஒரு அதட்டல் இல்லை. தெருவில் யார் எப்படி நிறுத்தினாலும் வாயே திறப்பதில்லை.

ஏன் மாமா சும்மா இருக்கீங்க என்று கேட்டேன்.

"மூஞ்சி தெரியாம அதட்டினா யாரும்மா மதிப்பான்? திருடன்னு நினைப்பான்."

 மாமாவுக்கு இவருடன் இன்னும் பேச்சு இல்லை. இவர் இன்னும் அறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டுதான் போகிறார்.

மே 8

இன்று பெயர்ப்பலகை திறந்தார்கள். வாசலில் ஒரு சின்னக் கூட்டம். அதிகாரி அம்மா, அவருடைய அலுவலகத்தினர், ஒரு பத்திரிகைக்காரர். கண்ணாடிக் கடைக்காரரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் அசடு வழிய நின்றுகொண்டிருந்தார். நான் மாமாவுக்கு டீ கொடுத்துவிட்டு, அவருக்குப் பின்னாலேயே நின்று பட்டைகளின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தேன். மாமா பல் செட்டைப் போட்டிருந்தார். விசேஷ நாளாயிற்றே என்று நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதிகாரி அம்மா ஒவ்வொன்றாக விளக்கினார். கல்முகம், பால்கனி, சேறு வழிக்கும் இரும்பு. பத்திரிகைக்காரர் இரும்பில் இடறினார். பிறகு அதிகாரி அம்மா எல்லோரையும் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்.

"மூணாவது ஜன்னலைப் பாருங்க. இதான் இந்த வீட்டோட பெருமை. இது ஜன்னலே இல்லை. பின்னாடி வெறும் சுவர்."

எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். 

மாமா அவர்களைப் பார்க்கவில்லை. அவர் கண் திருப்பத்தில் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக் கார் பாதித் தெருவை மறித்து நிற்க, அதைத் தாண்ட முடியாமல் ஒரு பள்ளிக்கூட வேன் முன்னும் பின்னும் அல்லாடிக்கொண்டிருந்தது. மாமாவின் கை நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தது.

"டேய்! அந்த வெள்ளை வண்டி யாரோடதுன்னு கேளு. திருப்பத்துலயா நிறுத்துவாங்க? உடனே எடுக்கச் சொல்லு."

 பத்திரிகைக்காரர் வாயைத் திறந்தபடி ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இவர் மட்டும் சிலை மாதிரி நின்றார், தலை மேலே, பார்வை அந்த மூடிய கதவில்.

அதிகாரி அம்மாவும் அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சின்ன ஜன்னல் இருந்த இடத்தை, அந்த அழகான செங்கலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தார்.

"என் வண்டிதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, திருப்பத்தை நோக்கி வேகமாக நடந்தார். காரை எடுத்துத் தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். விட்ட இடத்திலிருந்து, "அடுத்து படிக்கட்டு" என்று ஆரம்பித்தார். மாடிக்குப் போகலாமா என்று யாரோ கேட்டதற்கு, மேலே பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கூட்டம் கலைவதற்குள் இவர் படிக்கட்டில் தடதடவென்று ஏறி வந்தார். மாமா அறைக்குள் போகவில்லை. என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் வேர்வையா கண்ணீரா தெரியவில்லை.

"'டேய்'னாரே, கேட்டியா? என்னைத்தானே சொன்னாரு?"